வலுவிழந்த புயல்

‘புயல் வலுவிழந்தது’ என்று டிவியின் அடியில் எழுத்து ஓடும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். பக்கத்தில் இருப்பவர்கள் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி மூச்சு விட்டவள்தான். 2020 டிசம்பர் 3-ம் தேதி சாயங்காலம், அந்த வார்த்தையைச் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னது நான். அதைக் கேட்டு அவர் ஒரு வேலையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். இத்தனை வருஷத்தில் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கார்த்திகையிலும் அந்த ராத்திரி திரும்ப வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எழுதினால் கொஞ்சம் தெளியுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊர் சீர்காழிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே உள்ளே போக வேண்டிய சின்னக் கிராமம். அணைக்கரையிலிருந்து வரும் தெற்கு ராஜன் வாய்க்கால் பாசனம். அப்போது நாகப்பட்டினம் மாவட்டம். அந்த டிசம்பர் கடைசியில்தான் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. கொரோனா ஊரடங்கு வந்ததும் சென்னையிலிருந்து லேப்டாப்போடு ஊருக்கு வந்தவள், அந்த வருஷம் முழுக்க அங்கேயே இருந்தேன். மாடிப்படி திரும்பும் இடத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பேன். மழைக்காலம் வந்ததும் செயற்கைக்கோள் படம், ரேடார் படம், வானிலை மையத்தின் அறிக்கை எல்லாம் முதலில் என் கண்ணில்தான் படும். நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. நமக்கு வடக்கே போய்விடும் என்று நான் சொன்னபடியே நடந்தது. அதிலிருந்து தெருவில் யார் கேட்டாலும் சித்தப்பா, “பாப்பாவக் கேளு, அது கரெக்டா சொல்லும்” என்பார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரே வாரத்தில் அடுத்தது வந்தது. புரெவி. டிசம்பர் 2 ராத்திரி இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்து, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கிப் பாம்பன் பக்கம் வந்தது. எங்கள் வீட்டில் புயல் என்றாலே காற்றுதான். சித்தி பிறந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தபோது அவர் அப்பாவின் தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள். அந்தப் பெரியவர் விழுந்த மரத்தின் மேலேயே துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை சித்தி நேரில் பார்த்தவர். அதனால் புரெவி என்ற பெயர் காதில் விழுந்ததும் அவர் செய்த வேலையெல்லாம் காற்றுக்கான வேலை. மாட்டுக் கொட்டகைத் தகரத்தைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொன்னார், மேலே மணல் மூட்டை வைக்கச் சொன்னார். வீட்டு ஓரத்துத் தென்னையில் காய்ந்த மட்டை, குரும்பை எல்லாம் கழித்தாயிற்று. முருங்கையைப் பாதியாக வெட்டியாயிற்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. அது தண்ணீருக்கான வேலை.

எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் வேறு, வடியும் வாய்க்கால் வேறு. வடிகால் கிழக்கே போய், ஒரு சின்ன ரோட்டுக்கு அடியில் குழாய்ப் பாலத்தில் நுழைந்து, அந்தப் பக்கம் பெரிய வடிகாலில் விழுந்து, உப்பனாற்றில் சேர்ந்து, திருமுல்லைவாசலில் கடலுக்குப் போக வேண்டும். நிவர் மழையில் அடித்துக்கொண்டு வந்த ஆகாயத்தாமரை அந்தக் குழாய் வாயில் மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது. அதை எடுக்க ரெண்டு ஆளுக்குச் சொல்லி, அவர்களும் சாயங்காலம் நாலு மணிக்கு அரிவாளும் கழியுமாக வந்து திண்ணையில் நின்றார்கள். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நான் படியிறங்கி வந்தேன். “சித்தப்பா, புயல் வலுவிழக்குதாம். கரை கடக்கிறதுக்குள்ள புயலே இல்லாம போயிடும். இந்த மழையில எதுக்கு இறங்குறீங்க, காலைல பார்த்துக்கலாம்.”

அவர் வானத்தைப் பார்த்தார். அப்புறம் தென்னையைப் பார்த்தார். மட்டை அசையவில்லை. “சரி, காத்து இல்லேன்னா பயம் இல்ல” என்று சொல்லி ஆட்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார். போகும்போது அதில் மூத்தவர் மட்டும் ஒரு நிமிஷம் தயங்கி, “காத்து போனா சரிதான். தண்ணி எதுல போவும்?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அசையாத மெழுகுவர்த்தி

ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. சித்தி திண்ணையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார். அந்தச் சுடர் என் ஞாபகத்தை விட்டுப் போகவே இல்லை. திறந்த திண்ணை, ரெண்டு முழம் தள்ளி இருட்டில் மழை, ஆனால் சுடர் கொஞ்சமும் ஆடவில்லை. பூஜை அறையில் எரிகிற மாதிரி நேராக நின்று எரிந்தது. அவ்வளவு காற்றில்லாத மழை. சாரல் இல்லை, சாய்வு இல்லை, கயிறு கயிறாக நேரே இறங்கியது. கொட்டகைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. கட்டி வைத்த கயிறு, மேலே தூக்கி வைத்த மூட்டை எதற்கும் வேலையே வரவில்லை. சித்திக்கு நிம்மதி. “பாப்பா சொன்னது சரிதான், காத்தே இல்ல பாரு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். பன்னிரண்டு மணி வாக்கில் மழை ஒரு தடவை இன்னும் கனத்தது. நிற்கும், நிற்கும் என்று காத்துக்கொண்டே படுத்திருந்தேன். விடியும்வரை அதே சத்தம்.

காலையில் வாசலைத் திறந்தால் கடைசிப் படியைக் காணோம். வயல் பக்கம் போனோம். வரப்பு எது, வயல் எது என்று தெரியாமல் ஒரே வெள்ளைத் தண்ணீர். எங்களுடையது செப்டம்பரில் நேரடியாக விதைத்த சம்பா, தொண்டைக் கதிராக இருந்த நேரம். கதிர் உள்ளேயே இருந்து, இன்னும் சில நாளில் வெளியே வரவேண்டிய பருவம். மேட்டுப் பக்கம் மட்டும் இலை நுனி ஊசி ஊசியாகத் தெரிந்தது. பள்ளத்து வயலில் அதுவும் தெரியவில்லை. மோட்டார் கொட்டகைச் சுவரில் கதவுத் தாழ்ப்பாள்வரை தண்ணீர் நின்றது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடிகாலில் இறங்கினார். நேற்று வந்த ரெண்டு பேரும் கூப்பிடாமலே வந்திருந்தார்கள். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, ஆகாயத்தாமரையை அரிவாளால் பாளம் பாளமாக அறுத்து, கழியால் நெம்பிக் கரைக்குத் தள்ளினார்கள். அதன் வேர் ஒன்றோடொன்று பின்னி, கறுப்பாக, ஈரச் சடை மாதிரி இருந்தது. ஒரு பாளத்தின் மேல் தண்ணீர்ப் பாம்பு ஒன்று சுருண்டு படுத்திருந்தது. அதுவும் நகரவில்லை, அவர்களும் விரட்டவில்லை. குழாய் வாய் திறந்தபோது மதியம் மூன்று மணி. ஆனால் தண்ணீர் பாய்ந்து ஓடவில்லை. அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கப் பெரிய வடிகாலும் கரை தொட நிறைந்துவிட்டது. ரெண்டு பக்கமும் ஒரே மட்டம். சாயங்காலம்வரை பார்த்ததில் கொட்டகைச் சுவரில் நாலு விரக்கடைதான் இறங்கியிருந்தது.

எங்களுக்குத் தெற்கே ஒரு கூறு வயல்காரர்கள் புதன்கிழமையே தங்கள் வடிகாலை எடுத்துவிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை ராத்திரி பெய்யப் பெய்ய அவர்கள் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவர்களுக்கும் மூழ்கியது, ஆனால் மூன்றாம் நாள் பயிர் தலை தூக்கிவிட்டது. எங்களுக்கு ஏழு நாள். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் வாய் திறந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளத்து வயல் எப்படியும் போயிருக்கும். மேட்டு வயல் ஒன்றரை ஏக்கர் நின்றிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்துப் போட்டுப் பார்த்தார் சித்தப்பா. பச்சை வந்தது. கதிரும் வந்தது. கையில் எடுத்து நசுக்கினால் பாதி பதர். கணக்கெடுக்க வந்தவர் பச்சையைப் பார்த்துவிட்டு, நிவாரணத்துக்கு வேண்டிய 33 சதவீதம் பாதிப்பு வருமா என்று யோசித்தார். சித்தப்பா ஒரு கதிரை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

வார்த்தை எதை அளக்கிறது

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். முன்னாடியே படித்திருக்க வேண்டியது. வானிலை மையம் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று படிப்படியாகப் பேர் வைப்பது முழுக்க முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 கிலோமீட்டரிலிருந்து 50 வரை தாழ்வு மண்டலம், அதற்கு மேல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால் புயல். வலுவிழந்தது என்றால் இந்தப் படியில் கீழே இறங்கியது என்று அர்த்தம். அதற்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்கப்போகிறது என்பது அந்தப் பேரில் இல்லை. புரெவி அதைத்தான் செய்தது. ராமநாதபுரம் கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவில் வந்து, வலுவிழந்து, அங்கேயே நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு போக மேல்காற்று இல்லை. நின்ற இடத்திலிருந்து சுழன்றுகொண்டே இருந்ததில், அதன் வடக்குப் பக்கம் வங்கக்கடலிலிருந்து கிழக்குக் காற்று ஈரத்தை வாரி வாரி டெல்டாக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டியது. பாம்பனுக்கும் எங்களுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் அந்தச் சுழியைப் பார்த்துவிட்டு நமக்கு இல்லை என்று நான் நினைத்தது அதனால்தான். 4-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்தில் 34. நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

36 சென்டிமீட்டர் என்பது காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு முழத்துக்கும் கம்மி. நான் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40 ஆயிரம் லிட்டர். 36 சென்டிமீட்டர் என்றால் பதினாலரை லட்சம் லிட்டர். சென்னையில் தெருத்தெருவாக ஓடுகிற 12 ஆயிரம் லிட்டர் லாரியில் 120 லாரித் தண்ணீர், ஒரே ஒரு ஏக்கரில், ஒரு பகல் ஒரு ராத்திரியில். அது அத்தனையும் ஒரு குழாய்ப் பாலத்தில் நுழைந்து போக வேண்டும். நான் அந்தக் குழாய் வாயைத்தான் அடைத்து வைக்கச் சொன்னேன்.

வானிலை மையத்தை இதில் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வலுவிழக்கிறது என்று சொன்ன அதே அறிக்கையில் மழை எச்சரிக்கையும் இருந்தது. 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை, அதற்குச் சிவப்பு. அதெல்லாம் கீழே இருந்தது. நான் முதல் வரியைப் படித்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன். டிவியும் முதல் வரியைத்தான் ஓட்டியது. நல்ல செய்தியை முதலில் போய்ச் சொல்ல வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இது புதுப் பாடமும் கிடையாது. 2008 நவம்பரில் காரைக்காலுக்குப் பக்கத்தில் கரை கடந்த நிஷாவைக் காற்றை வைத்துப் பார்த்தால் புயல் வரிசையில் அடிப்படியில்தான் சேர்ப்பார்கள். ஆனால் கடலே கண்ணில் படாத ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் 44 சென்டிமீட்டர் பெய்தபோது புயலே கிடையாது. பேர்கூட வைக்காத வெறும் தாழ்வுப் பகுதி. பேர் இல்லாததால் யாரும் கயிறு கட்டவில்லை, மட்டை கழிக்கவில்லை. நடவு முடிந்து வேர் பிடித்த பயிர் எல்லாம் ஏரிபோல் கிடந்தது. 2024-ல் ஃபெஞ்சல் இன்னும் கொஞ்சம் தூரம் போய்க் காட்டியது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறி, வலுவிழந்து, மேற்கே நகர்ந்து போன பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற ஊர். தரை ஏறியதும் கடல் சூடு கிடைக்காமல் காற்றுதான் அடங்குகிறது. சுமந்துகொண்டு வந்த ஈரத்தை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டுமே.

போகும் வழி

மேட்டு நிலத்தில் 50 சென்டிமீட்டர் பெய்தால் அது ஆறாக ஓடி அடித்துக்கொண்டு போகும். ஊத்தங்கரையில் வேன்களையும் கார்களையும் புரட்டிக்கொண்டு போன மாதிரி. எங்கள் பக்கத்தில் தண்ணீர் யாரையும் அடிக்காது. சும்மா நிற்கும். கல்லணையைத் தாண்டியதும் காவிரியும் வெண்ணாறும் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போவது, தண்ணீரை ஒவ்வொரு வயலுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. கொண்டுவந்து சேர்க்கும் அழகைப் பற்றிப் பேசாதவர் இல்லை. திருப்பி எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி, மூழ்கும் வாரம் தவிர வேறு எப்போதும் யாரும் பேசுவதில்லை. மழை வலுத்தால் கல்லணையில் காவிரி, வெண்ணாறு மதகுகளை இறக்கி, மேலேயிருந்து வருவதைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் வானத்திலிருந்து நேரே எங்கள் வயலில் விழுவதற்கு மதகு ஏது? கொள்ளிடம் பக்கத்திலேயே ஓடினாலும் அதன் கரை உயரம், எங்கள் தண்ணீர் அதற்குள் ஏறாது. கிழக்கே கடல் ஒன்றுதான் வழி. அந்த வழியும் எப்போதும் திறந்திருக்காது. புரெவி வந்தது கார்த்திகை தீபம் முடிந்த நாலாம் நாள். பௌர்ணமிக்குக் கடல் ஏறும் ஏற்றம் இன்னும் தணியாத நேரம். மேலே கிழக்குக் காற்று வேறு கரையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் கடல் உள்ளே பார்க்க நிற்கும்போது உப்பனாறு எங்கே போய் இறங்கும்? கடல் இறங்கும் வற்றம் வரும் சில மணி நேரம்தான் வடியும். அந்தச் சில மணி நேரத்தில் வழி அடைபட்டிருந்தால் அடுத்த வற்றம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதனால்தான் டெல்டாவில் வடிகாலை மழைக்கு முன்னாடி எடுக்க வேண்டும் என்று நான் இப்போது யார் கிடைத்தாலும் சண்டை போடுகிற மாதிரி பேசுகிறேன். ஜூன் மாதம் தண்ணீர் திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர்வாருவதற்கு இருக்கிற பரபரப்பு, ஐப்பசிக்கு முன் வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் எடுப்பதற்கு இல்லை. வெயிலில் தூர்வாரியதும் படம் எடுத்துக்கொள்ளலாம், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆகாயத்தாமரை மூன்று மாசத்தில் திரும்ப மூடிவிடும். சித்தப்பா மாதிரி ஆட்கள் கைக்காசு போட்டு ரெண்டு ஆள் வைத்து எடுத்தால் உண்டு. அவர் இப்போது பள்ளத்து வயலில் சி.ஆர். 1009 சப்-1 போடுகிறார். பயிர் இளசாக இருக்கும்போது மூழ்கினாலும் ரெண்டு வாரம்வரை தாங்கும் ரகம். ஆனால் தொண்டைக் கதிரில் மூழ்கினால் அதற்கும் உத்தரவாதம் கிடையாது என்று அவரே சொல்கிறார். விதை ஒரு பக்கம், குழாய் வாய் ஒரு பக்கம்.

அன்று திண்ணையில் நின்று கேட்ட அந்தப் பெரியவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் செயற்கைக்கோள் படம் இல்லை. புயல் எங்கே இருக்கிறது என்பதுகூட அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தண்ணீர் எதில் போகும் என்ற ஒரே கேள்விதான் அவரிடம் இருந்தது. என் லேப்டாப்பில் இருந்த அத்தனை படத்தையும்விட அந்தக் கேள்வி எங்கள் வயலுக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் மாதிரி ஏதோ சொன்னேன். அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே பிடிபடவில்லை. “அது என்னா பாப்பா, மழை பேஞ்சா மூழ்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

2024 நவம்பர் 28. நான் திரும்பச் சென்னைக்கு வந்துவிட்டேன். ஃபெஞ்சல் அப்போது பேர்கூட வைக்காமல் கடலில் ஊர்ந்துகொண்டிருந்தது. டெல்டாவில் ரெண்டு நாளாக மழை கொட்டி, பல இடத்தில் சம்பா மூழ்கியிருந்தது. கரை கடக்கும்போது வலுவிழந்துவிடும் என்று அன்றைக்குச் செய்தி. போனை எடுத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் எடுத்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

“பாப்பா, வலுவிழக்குதுன்னு போட்டுட்டான், பாத்தியா?”

“பார்த்தேன் சித்தப்பா. அதுக்குத்தான்...”

“அதான் மதியமே ஆளக் கூப்புட்டு இறங்கிட்டோம். இரு, ஒரு நிமிஷம்.”

சேற்றில் நடக்கும் சத்தம் கேட்டது. யாரோ கழியை அந்தப் பக்கம் வை என்றார்கள். போனைக் கீழே கொண்டுபோயிருப்பார் போல. மழைச் சத்தம் குறைந்து, வேறொரு சத்தம் வந்தது. குழாய்க்குள் தண்ணீர் நுழைந்து அந்தப் பக்கம் விழுகிற சத்தம். கனமாக, இடைவிடாமல். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த ஸ்டூல் இருந்த மாடிப்படியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்து, போனில் சார்ஜ் தீரும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.